எழுதாமலிருக்கும் உரிமை யாருக்கு?

நவரைப் பட்டத்து நடவு நடந்துகொண்டிருந்தபோது சென்னையிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் ஐயங்கார்குளத்துக்கு வந்தது. பையனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்களாம். "எழுதச் சொன்னாலே அழறான். சமையல், விவசாயம்னா உயிர். அது வழியாவே எழுத வைக்கப் பார்க்கிறோம்" என்றார் அப்பா. பையன் சேற்றில் இறங்கி நாலு நாற்று நட்டான். படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

அந்த முறையை நான் கேலி செய்யவில்லை. பிடித்ததைப் பற்றி எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளையும் எழுதும். என் கேள்வி வேறு. அந்தப் பையன் எழுதாவிட்டால் அதற்கு மாற்றுக் கல்வி என்று பெயர். சேரிப் பிள்ளை எழுதாவிட்டால்? நான்காம் வகுப்பில் நான் கட்டுரை எழுதாமல் நின்றபோது ஓர் ஆசிரியர் சொன்னார்: "உனக்கெல்லாம் நாத்து நடத்தான் லாயக்கு." அவனுக்குப் பாடமான வயல், எனக்குத் தண்டனையாகக் காட்டப்பட்டது.

இது ஓர் ஆசிரியரின் குணம் மட்டுமல்ல. பக்கத்திலுள்ள உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைச் சனநாயகத்தின் சான்றாக, 2020-ல் நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவில் பிரதமர் பெருமையாகக் குறிப்பிட்டார். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது? சபைக்கு வர கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். வேதமும் ஓதியிருக்க வேண்டும். நிலமும் கல்வியும் ஒரே கூட்டத்தின் கையில் இருந்தன. நாற்று நட்டவர் பெயர் எந்த ஓலையிலும் இல்லை.

1953-ல் இராசாசி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். அதைக் குலக்கல்வி என்று அடையாளம் காட்டிப் பெரியார் போராடினார். 1954-ல் காமராசர் அதைக் கைவிட்டார். 2020 தேசியக் கல்விக் கொள்கையோ, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் தோட்டக்காரரிடமும் கற்கச் சொல்கிறது. சாதி இருக்கும் நாட்டில் யார் பிள்ளைக்கு அது பத்து நாள் அனுபவம், யார் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கப் பிழைப்பு?

தமிழ்நாட்டில் உணவு பிள்ளைகளைப் பள்ளிக்கு உள்ளேதான் கொண்டுவந்தது. 1920-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளி, 1956-ல் காமராசரின் மதிய உணவு, 2022-ல் காலை உணவு. பள்ளியைவிட்டு வெளியேறுவதற்கு உணவையும் உழவையும் காரணமாக்குவது இந்த வரலாற்றுக்கு நேர் எதிர்த்திசை.

எங்கள் காலனி மாலை வகுப்பில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பேனாவையே தொடமாட்டான். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே, அதை எழுது" என்றேன். பதினோரு வரி எழுதினான். ரேஷன் அரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு. கடைசி வரி: "அம்மா நட்ட நெல்லு எங்க வீட்டுக்கு வரல." அப்புறம் கேட்டான், "அக்கா, அந்த நெலம் யாரோடது?"

அந்தக் கேள்விக்குப் பதில் காகிதங்களில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஓர் எழுத்தால் கிடைத்த நிலம் அது. பத்திரத்தைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்து அதை இழந்தவர்கள் நம் தாத்தாக்கள். அதைத் திரும்பக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994-ல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

தோழர்களே, உணவையும் உழவையும் வைத்து எழுதக் கற்றுக்கொடுங்கள். ஆனால் அரசுப் பள்ளி வகுப்பறையில் கற்றுக்கொடுங்கள். நெல் எப்படி முளைக்கிறது என்பதோடு, நட்ட கூலி எவ்வளவு, பட்டா யார் பெயரில் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாமலிருப்பது சிலருக்கு விருப்பமாக இருக்கலாம். எங்கள் பிள்ளைகளால் அந்த விலையை இன்னொரு தலைமுறை கொடுக்க முடியாது.