பத்திரம்... பத்திரம்!

திண்டுக்கல்காரர் ஒருவர் பூட்டு வாங்கும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? சாவியைப் போட்டுத் திருகுவார். இழுப்பார். காதுக்குப் பக்கத்தில் வைத்து 'க்ளிக்' சத்தம் கேட்பார். "வேற சாவி போட்டாத் திறந்துக்காதே அண்ணாச்சி?" என்று கடைக்காரரைக் குறுக்கு விசாரணை பண்ணுவார். 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிய பூட்டு சார் அது! அதற்கே இத்தனை சோதனை.

அதே ஆள், அந்தப் பூட்டைத் தொங்கவிட ஒரு வீடு வாங்கும்போது மட்டும் சாதுவாகிவிடுவார். "எல்லாம் புரோக்கர் அண்ணன் பார்த்துக்குவாரு." வக்கீலிடம் காட்டினீர்களா என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். "எதுக்கு சார்? ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கவர்மெண்டே பார்த்துத்தானே சீல் குத்துறாங்க?"

குத்துகிறார்கள். ஆனால் எதற்குக் குத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி அங்கே பதிவாவது பத்திரம், உரிமை அல்ல. 'இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார்' என்பதற்குத்தான் அந்த சீல். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வீடு சொந்தமா என்று தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளர் வேலையில்லை. நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வெளியூர்க் கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் நிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அதற்கு அரசாங்கமே உத்தரவாதம். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-லேயே இப்படி ஒரு முறை கொண்டுவந்துவிட்டார்கள். அப்படியும் இங்கிலாந்தில் வீடு வாங்குகிறவர் தன் பங்குக்கு ஒரு சொலிசிட்டரை வைத்துக்கொள்கிறார், விற்கிறவர் வேறொருவரை. உத்தரவாதம் இருக்கிற ஊரில் ஆளுக்கு ஒரு வக்கீல். உத்தரவாதமே இல்லாத நம்ம ஊரில், "ஃபீஸ் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா சார்?"

கணக்கைப் பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 2 லட்சத்து 70 ஆயிரம் போச்சு. புரோக்கர் கமிஷன் தனி. இதையெல்லாம் முனகாமல் கொடுத்துவிட்டு, வீடு நம்முடையதுதானா என்று பார்த்துச் சொல்கிறவரிடம் மட்டும் பேரம்!

சரி, எந்த வக்கீல்? விளம்பரம் பார்த்துத் தேட முடியாது. வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி இடம் தருவதில்லை. விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். யார் யார் வேண்டாம் என்று முதலில் பார்த்துவிடலாம்.

புரோக்கர் கையோடு கூட்டி வருகிறவர் வேண்டாம். கிரயம் நடந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். விற்கிறவரின் வக்கீலும் வேண்டாம். "ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல், செலவு மிச்சம்" என்பார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பஞ்சாயத்துக்காரர் மாதிரிதான் அது. லோன் கொடுக்கிற பேங்க்கின் வக்கீல் பார்க்கிறாரே என்றால், அவர் பார்ப்பது பேங்க்குக்காக. பத்திர எழுத்தர் பத்திரத்தை நன்றாக எழுதுவார். நாலு தலைமுறை உரிமையைத் தோண்டிப் பார்ப்பது அவர் தொழில் இல்லை. ஜாமீன் வாங்குவதில் கெட்டிக்காரரான கிரிமினல் வக்கீல்? வாழ்க்கையில் அவரும் தேவைப்படலாம். ஆனால் தாய்ப்பத்திரம் படிக்க சிவில் பக்கம் பழக்கமுள்ளவர் வேண்டும்.

என் நண்பன் ஒருவன் நத்தம் ரோடு பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்தான். 28 லட்சம். விற்கிறவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா 1978-ல் வாங்கியது. பட்டாவில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. வில்லங்கச் சான்று பளிச்சென்று இருக்கிறது. "வெள்ளிக்கிழமை முகூர்த்தம், 2 லட்சம் அட்வான்ஸ் கொடுங்க" என்றார்கள். நல்லவேளை, அவன் வியாழக்கிழமையே ஒரு சிவில் வக்கீலிடம் போனான்.

அவர் கட்டை முழுக்கப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, வாரிசு சான்று எங்கே?"

அது வந்தபோது கூடவே ஒரு தங்கச்சியும் வந்தார். அப்பா உயில் எழுதாமல் இறந்திருக்கிறார், அம்மாவும் இல்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அண்ணன்காரர் குதித்தார்: "நகை நட்டு போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு. அப்புறம் என்ன பங்கு?" வக்கீல் அசரவில்லை. "தம்பி, நீங்க 28 லட்சம் கொடுத்து வாங்கப் போறது மூணுல ரெண்டு பங்கு வீடு. மிச்சப் பங்கு கோர்ட்டுல இருந்து பிறகு வரும்."

தங்கச்சி வடமதுரைப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கிறார். நண்பன் நேரே போய்ப் பார்த்தான். "வீடு விக்கிறாங்கன்னே எனக்குத் தெரியாதுங்களே" என்றாராம். அப்புறம் ஒரு மாசம் இழுபறி. கடைசியில் அவரும் விற்பவராகச் சேர்ந்து, அவர் பங்குக்குத் தனி டி.டி. வாங்கிக்கொண்டார். மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 9 லட்சத்து 33 ஆயிரம். ரிஜிஸ்தர் ஆபீஸில் எல்லாரும் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட, அந்த அம்மா மட்டும், "படிச்சுட்டுப் போடறேங்க" என்று பத்திரம் முழுவதையும் உட்கார்ந்து படித்தாராம்.

வில்லங்கச் சான்றில் தங்கச்சி ஏன் தெரியவில்லை? பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், அது ஒரு லெட்ஜர். போஸ்டிங் போட்டதுதான் தெரியும். பதிவாகாத உயில், கேட்கப்படாத வாரிசு, பத்திரத்தை எங்கோ கொடுத்து வாங்கிய கைமாத்து... இதெல்லாம் அதில் ஏறாது. பட்டாவும் வருவாய்த்துறைக் கணக்குதான். அது மட்டுமே உரிமைக்குச் சாட்சி ஆகிவிடாது.

வக்கீல் கிடைத்தால் மட்டும் போதாது. அவரை வேலை செய்ய விடவும் வேண்டும். 30 வருஷ வில்லங்கம், தாய்ப்பத்திரத்திலிருந்து எல்லாப் பத்திரமும் கொடுங்கள். ஜெராக்ஸோடு நிறுத்தாமல் ஒரிஜினலைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ஒரிஜினல் 'எங்கேயோ இருக்கு' என்றால் அது அடகில் இருக்கலாம். பவர் வாங்கியவர் விற்கிறாரா? பவர் பத்திரம் மட்டும் யாரையும் சொந்தக்காரர் ஆக்காது என்று 2011-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். காலி மனை என்றால் அங்கீகாரம் உண்டா, இல்லையென்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட மனையாக இருந்து வரன்முறை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய பத்திரத்தில் 'மதுரை மாவட்டம்' என்று இருந்தால் மட்டும் பதறாதீர்கள். 1985 வரை நாம் மதுரைக்காரர்கள்தான். பிறகு அண்ணா, காயிதே மில்லத் என்று பெயர்களைச் சுமந்து, 1997-ல் தலைவர்கள் பெயரை எடுத்த பிறகுதான் வெறும் திண்டுக்கல் ஆனோம். ஊர் பெயர் மாறலாம். நான்கு எல்லை மாறக் கூடாது. சர்வே நம்பர் மாறியிருந்தால், பழசு எது, புதுசு எது என்று வக்கீல் பொருத்திக் காட்ட வேண்டும்.

கருத்தை எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதும் கடைசி வரிக்கு ஓடாமல், 'ஆனால்' என்று ஆரம்பிக்கிற வரியைத் தேடிப் படியுங்கள். உங்கள் பணம் மாட்டுகிற இடம் அதுதான். இத்தனையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். கொடுத்த பிறகு வக்கீலிடம் போனால், அவர் சொல்வது அறிவுரை இல்லை சார், ஆறுதல்!

கடைசியாக ஒன்று. "கிரயம் முடிஞ்சதும் ஃபீஸ் தர்றேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். காரியம் முடிந்தால்தான் கூலி என்று பேசக் கூடாதென்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. முடிந்தால்தான் காசு என்றால் யாருக்கும் முடிக்கத்தான் தோன்றும். முதலிலேயே கொடுத்துவிடுங்கள். உங்கள் ஃபீஸை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு, "இந்த வீடு வேண்டாம் தம்பி" என்று ஒருவர் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் காசு கொடுத்ததே அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.