சுபாவமும் சபையும்

மனிதர்களின் சுபாவம் பலவிதம் என்பதையும், பலவித சுபாவமுடையோர் ஓரிடத்தில் கூடி ஒரு காரியத்தை நடத்தும்போது அந்தக் காரியத்தின் போக்கும் பயனும் பெரிதும் அச்சுபாவங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பதையும் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். கணக்கில் புலியாக இருப்பவர் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. வாய் ஓயாமல் யோசனை சொல்பவர் கையில் எடுத்ததை முடிப்பதில்லை. முடிப்பதில் வல்லவரோ பிறர் யோசனையைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. எந்தக் காரியாலயத்திலும் சில காலம் உத்தியோகம் பார்த்தவருக்கு இவை பிரத்தியட்சமான விஷயங்கள். ஆயினும், இந்த எளிய உண்மையை இன்றைய ஸ்தாபனங்கள் கையாளும் முறையில் ஓர் அநீதி புகுந்துவிட்டது என்பது என் திடமான அபிப்பிராயம். ஊழியர்களைக் கூட்டிவைத்து, வினாத்தாள் ஒன்றை நிரப்பச் சொல்லி, அதன் முடிவாக நான்கு ஆங்கில எழுத்துக்கள் கொண்ட முத்திரையை ஒவ்வொருவர்மீதும் குத்திவிட்டு, பின்னொரு நாள் வேலையில் பிழை நேர்ந்தால், “அவர் பேசாத சுபாவம்; அதனால்தான் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை” என்று அந்த முத்திரையின்மேலேயே பழியைப் போட்டுவிடுகிறார்கள். பேசாதவர் ஏன் பேசவில்லை என்று விசாரிக்கவேண்டிய பொறுப்பு யாருக்கு உண்டோ, அவர் அதிலிருந்து சுலபமாக விடுபட்டுவிடுகிறார்.

அந்த வினாத்தாளின் பூர்வோத்தரத்தைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. சுவிட்சர்லாந்து தேசத்து மனோதத்துவ நிபுணர் கார்ல் யுங் 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், மனித மனங்களை உள்முகம், வெளிமுகம் என்றும் வேறு சில வகைகளாகவும் பிரித்துக் காட்டினார். அந்நூலில் மனத்தைப் பறிகொடுத்த காதரின் பிரிக்ஸ் என்ற அமெரிக்க மாதும் அவருடைய புதல்வி இஸபெல் மையர்ஸும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், முதன்முறையாகத் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் பெண்கள் தத்தமக்கு இசைந்த வேலையைத் தேர்ந்துகொள்ள உதவவேண்டும் என்ற நன்னோக்கத்தோடு அதை ஒரு வினாத்தாளாக வடித்தார்கள். இருவரும் மனோதத்துவத்தை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். அதை ஒரு குறையாக நான் சொல்லவரவில்லை, அவர்களுடைய உழைப்பு வியக்கத்தக்கது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஓர் ஊரில் உள்ளவர்களின் உயரத்தை அளந்தால் நெட்டையர் ஒரு கூட்டமும் குட்டையர் ஒரு கூட்டமுமாகப் பிரிந்து நிற்கமாட்டார்கள், பெரும்பாலோர் நடுவிலேதான் நிற்பார்கள் அல்லவா? அதைப்போலவே பேசும் இயல்பும் கூச்சமும் மனிதர்களிடையே சிறிது சிறிதாகக் கூடியும் குறைந்தும் பரவிக்கிடக்கின்றன. நடுவே ஒரு கோட்டைக் கிழித்து இப்பக்கம் 8, அப்பக்கம் 8 என 16 வகையாக மனித குலத்தைப் பங்கிடுவது இயற்கைக்கு ஒவ்வாது. சில வாரங்கள் கழித்து அதே தாளை மறுபடியும் நிரப்புவோரில் கணிசமானோருக்கு வேறு முத்திரை கிடைப்பதும் இதனால்தான்.

இதைவிட மேலான கேள்வியை எழுப்பியவர் இங்கிலாந்தில் மெரிடித் பெல்பின் என்பவர். தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி என்னும் ஊரிலிருந்த நிர்வாகக் கல்லூரியில், தொழில்துறை அதிகாரிகளைக் குழுக்களாகப் பிரித்து வியாபாரப் போட்டிகளில் ஈடுபடுத்தி, பல ஆண்டுகள் அவர்களைக் கூர்ந்து கவனித்த அவர், கூர்த்த மதி படைத்தவர்களை மட்டுமே பொறுக்கியெடுத்து ஒரு குழுவாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்றும் சோதித்துப் பார்த்தார். அவ்வாறு அமைத்த 25 குழுக்களில் வெற்றி பெற்றவை 3 மட்டுமே. எட்டுக் குழுக்கள் போட்டியிட்ட களத்தில் அவை மிக அதிக முறை பெற்ற இடம் ஆறாவது. ஒவ்வொருவரும் மற்றவருடைய வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதிலேயே தம் சாமர்த்தியத்தைச் செலவிட்டமையால், முடிவு செய்யவேண்டிய காரியங்கள் முடிவாகாமலே கிடந்தன. 1981-இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம், பல சுபாவங்களும் கலந்திருப்பதே குழுவுக்குப் பலம் என்பது. உண்மைதான், ஆனால் கலந்திருந்தால் மட்டும் போதுமா? நிதானமாக எடைபோட்டுப் பார்க்கும் சுபாவமுள்ளவர் குழுவில் இருக்கிறார், அவர் ஆபத்தையும் கண்டுகொண்டார், ஆனால் அவர் சொல் உரிய வேளையில் உரியவர் காதில் ஏறவில்லை என்றால், அவர் இருந்தும் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு மிகுந்த விலை கொடுத்து விடை கண்டவர்கள் ஆகாய விமானத் துறையினர்.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி, கேனரித் தீவுகளில் ஒன்றாகிய டெனரீஃபில், மூடுபனி கவிந்த ஓடுபாதையில் போயிங் 747 ரக விமானங்கள் இரண்டு மோதிக்கொண்டு 583 பேர் மாண்டார்கள். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் வெடிகுண்டு வெடித்ததால் அந்தச் சிறு நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் அவை. டச்சு விமானத்தின் தலைமை விமானி, அந்தக் கம்பெனியில் 747 விமானம் ஓட்டப் பிறருக்குப் பயிற்சியளிக்கும் ஸ்தானத்தில் இருந்தவர். கம்பெனியின் விளம்பரங்களில் படம் வெளிவரும் அளவுக்குக் கீர்த்தி வாய்ந்தவர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானியை அந்த ரக விமானத்துக்குத் தகுதியானவர் எனத் தேர்வு செய்ததும் அவரே. தலைமை விமானி விசையைக் கூட்டத் தொடங்கியபோது, இன்னும் அனுமதி வரவில்லையே என்று துணை விமானி ஒரு முறை தடுத்தார். அது தமக்குத் தெரியும், கேளுங்கள் என்று பதில் வந்தது. வழிக்கான அனுமதி மட்டும் கிடைத்து, புறப்படுவதற்கான அனுமதி கிடைக்காத நிலையிலேயே விமானம் மறுபடியும் நகர்ந்தபோது, அவர் இரண்டாம் முறை தடுக்கவில்லை. பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர், எதிரிலுள்ள அமெரிக்க விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று உறுதியான குரலில் பதில் வந்தது. அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துபோயிற்று.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் தைப்பது அந்தப் பொறியாளரின் கேள்வி. கேட்கவேண்டியதை அவர் கேட்டே இருக்கிறார். ஆகவே அவரை வாய்பேசாதவர் என்றோ கோழை என்றோ எந்த வினாத்தாளும் சொல்லிவிட முடியாது. தலைமை விமானியையும் கொடுங்கோலர் என்று நினைக்கவேண்டிய அவசியமில்லை. அவருடைய புகழும் பதவியும், அவர் உறுதியாகச் சொன்ன பிறகு மேலும் வாதாடுவது மரியாதையன்று என்ற எண்ணத்தை மற்ற இருவருக்கும் உண்டாக்கப் போதுமானவையாக இருந்தன.

மறு ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்தை அணுகிய விமானம் ஒன்றின் கதை இன்னும் துலக்கமானது. இறங்கு சக்கரத்தில் கோளாறோ என்ற சந்தேகம் எழுந்ததால், தலைமை விமானி ஏறக்குறைய ஒரு மணி நேரம் விமானத்தை வானில் வட்டமிடச் செய்து, பிரயாணிகளை ஆபத்துக்குத் தயார்ப்படுத்துவதில் முழுச் சிரத்தையும் செலுத்தினார். எரிபொருள் வற்றிக்கொண்டிருந்தது. உடனிருந்த இருவரும் அதை அறிந்திருந்தார்கள்; எவ்வளவு மீதி இருக்கிறது என்று எண்ணிக்கையாகச் சொல்லவும் சொன்னார்கள். ஆனால், இப்போதே இறங்கியாக வேண்டும் என்று அழுத்தந்திருத்தமாக ஒருவரும் சொல்லவில்லை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்று விமானம் ஊருக்குள் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள், அவர்களில் உடனிருந்த இருவருள் ஒருவரான விமானப் பொறியாளரும் அடக்கம். விசாரணை நடத்திய அரசாங்கக் குழு, தலைவர்களுக்குப் பிறருடைய யோசனையைக் கேட்டு நடத்தும் பயிற்சியும், உடன் பணிபுரிவோருக்குத் தம் கருத்தை உறுதியாகச் சொல்லும் பயிற்சியும் அளிக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது.

அதன்பின் நடந்ததுதான் நம் கம்பெனிகள் ஊன்றிப் படிக்கவேண்டிய பாகம். 1979-இல் நாசா ஸ்தாபனம் இப்பொருள் பற்றி ஒரு கூட்டம் நடத்திற்று. 1981 வாக்கில் யுனைடெட் விமானக் கம்பெனி முழுமையான பயிற்சியைத் தொடங்கியது. தொடக்ககாலப் பயிற்சிகள், இன்றைய நம் காரியாலயங்களைப் போலவே, சுபாவத்தின்மேல்தான் கண் வைத்தன. அதிகாரத் தோரணை உள்ளவரை இளக வைப்பதும், அடங்கிப்போகிறவரை நிமிர வைப்பதும் அவற்றின் நோக்கமாக இருந்தன. விமானிகளில் பலர் அதை விரும்பவில்லை. தங்கள் குணத்தைத் திருத்த வந்த பாடசாலை என்று வெறுத்தார்கள். அவர்கள் வெறுத்ததில் நியாயம் இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஒருவருடைய பிரகிருதியை இரண்டு நாள் வகுப்பில் மாற்றிவிட முடியுமா? பயிற்சியாளர்கள் இதை உணர்ந்து, எண்பதுகளின் பிற்பகுதியில், தனி மனிதரின் குணத்தை விட்டுக் குழு நடக்கும் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். புறப்படுமுன் என்ன பேசுவது, சந்தேகம் எழுந்தால் எந்தச் சொற்களால் தெரிவிப்பது, பதில் வராவிட்டால் அடுத்து என்ன செய்வது, அதற்குத் தலைவர் எப்படிச் செவிசாய்ப்பது என்பனவெல்லாம் பழக்கமாக வகுக்கப்பட்டன. கூச்ச சுபாவமுள்ளவர் கூச்ச சுபாவத்தோடேயே இருக்கலாம். ஆனால் எரிபொருள் குறைந்தால் எச்சரிக்கவேண்டியது அவருடைய துணிச்சலைப் பொறுத்ததாக இல்லாமல் அவருடைய வேலையின் ஓர் அங்கமாகிவிட்டது.

1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி, அதே யுனைடெட் கம்பெனியின் டி.சி.-10 விமானத்தின் வால்பகுதி இயந்திரம் நடுவானில் சிதறி, விமானத்தைத் திருப்பவும் தாழ்த்தவும் உதவும் குழாய்த் தொகுதிகள் மூன்றுமே பயனற்றுப்போயின. அத்தகைய நிலைமைக்குப் பயிற்சியும் கிடையாது, வழிகாட்டிப் புத்தகமும் கிடையாது. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், பிரயாணியாக வந்திருந்த டென்னி ஃபிட்ச் என்ற பயிற்சி விமானியை முன்னறைக்கு அழைத்து எஞ்சிய இரண்டு இயந்திரங்களின் விசைகளை அவர் கையில் ஒப்படைத்தார். முன்னறையிலிருந்த நால்வரும் இடைவிடாது ஒருவருக்கொருவர் யோசனை சொல்லியும் கேட்டும் அவ்விமானத்தை சூ சிட்டி நகரத்து ஓடுபாதைவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். 296 பேரில் 112 பேர் மாண்டனர். 184 பேர் பிழைத்தனர். தலைவர் சொன்னதே சட்டம் என்ற பழைய சம்பிரதாயம் நீடித்திருந்தால் தாங்கள் இவ்வளவும் செய்திருக்க முடியாது என்று ஹெய்ன்ஸ் பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்று சொல்லிவந்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் காரியாலயங்களில் ‘பேசாத சுபாவம்’ என்று பெயர் சூட்டப்படுவதில் எவ்வளவு பாகம் சுபாவம், எவ்வளவு பாகம் பாஷை என்று யாராவது பிரித்துப் பார்த்ததுண்டா? தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகி, ராமநாதபுரத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ சென்னைக்கு வந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அமர்ந்திருக்கும் இளைஞனை எண்ணிப்பாருங்கள். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. அவன் தன் ஆட்சேபத்தை மனத்துக்குள் ஆங்கிலமாக்கி, இலக்கணம் சரிபார்த்து, வாய் திறப்பதற்குள் பேச்சு மூன்று விஷயம் தாண்டிப் போய்விடுகிறது. கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் அதே இளைஞன், “அண்ணே, இந்த டிசைன் லோடு தாங்காது, ரிலீஸ் அன்னைக்கே படுத்துரும்” என்று ஒரே மூச்சில் விஷயத்தின் ஆணிவேரைத் தொட்டுவிடுகிறான். அவன் உள்முகனா, வெளிமுகனா? கேட்கவேண்டிய அதிகாரி டீக்கடையில் இல்லை. இருந்தவர்களுக்கோ அதை மேலே கொண்டுபோகும் அதிகாரம் இல்லை. அவனுடைய அப்ரைசல் தாளில் மட்டும் ‘முன்வந்து பேசும் திறன் போதாது’ என்று ஒரு வரி ஏறுகிறது. வேலைக்கு எடுக்கும் நாளிலேயே, குழு விவாதம் என்ற பெயரில், உரத்துப் பேசியவனையும் முந்திப் பேசியவனையும் தேர்ந்தெடுத்துப் பழகிவிட்ட நமக்கு அந்த வரியில் உள்ள அநியாயம் கண்ணில் படுவதே இல்லை. பெண்களின் நிலை இன்னும் கடினம். பேசாவிட்டால் தயக்கம் என்றும், பேசிவிட்டால் திமிர் என்றும் அவர்கள் சுபாவத்துக்கு இரண்டு பெயர் காத்திருக்கிறது.

திருவள்ளுவர் சபைக்கு அஞ்சாமல் பேசும் வன்மைக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அது பேசுகிறவனின் கடமை. ஆனால் அதற்கு வெகு முன்னதாகவே, பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தில், தன்னைக் கண்டித்துச் சொல்லக்கூடியவர்களைத் தேடித் துணையாக்கிக்கொள்வதை அரசன் தலையில் சுமத்திவிட்டார். இந்த வரிசை முறையை நம் நிர்வாகிகள் தலைகீழாக்கி, முதல் கடமையை மறந்து, இரண்டாவதை மட்டும் இளையவர்களிடம் வற்புறுத்துகிறார்கள்.

எல்லாரையும் எல்லாவற்றையும் பேசவிட்டால் வேலை நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. முடிவு செய்யும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கத்தான் வேண்டும். சூ சிட்டியிலும் கடைசி முடிவு ஹெய்ன்ஸுடையதாகவே இருந்தது. கேட்பதற்கு நேரம் ஏது என்பாருக்கு, அறுவைச் சிகிச்சைக் கூடத்தைவிட நெருக்கடியான இடம் ஏது என்று கேட்கத் தோன்றுகிறது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்குமுன் அங்குள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பதும் ஒன்று. ஒரு முறை தம் குரலை ஒலித்துவிட்ட நர்ஸ், ஆபத்து வேளையில் இரண்டாம் முறை ஒலிக்கத் தயங்கமாட்டார் என்பது அதன் உட்பொருள். புதுடில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அப்பட்டியலைப் பின்பற்றியபோது சிகிச்சைக்குப் பிந்திய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. இதில் யாருடைய சுபாவமும் மாற்றப்படவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமன்று. நம் நாட்டு இராணுவ நீதிமன்றத்தில் பதவியில் இளையவர் முதலில் தம் அபிப்பிராயத்தைச் சொல்லி, மூத்தவர் கடைசியில் சொல்லவேண்டும் என்பது விதி. மூத்தவரின் சொல்லைக் கேட்டபின் இளையவர் தம் சொல்லை மாற்றிக்கொள்வார் என்பதை அறிந்தவர்கள் வகுத்த விதி அது. அதைக் காரியாலயக் கூட்டங்களிலும் கைக்கொள்ளலாம். எழுத்தில் வல்லவர்கள் முதல் நாளே எழுதித் தரலாம். அறையில் இருப்பவர் அனைவரும் தமிழர்களாயின் தமிழிலேயே பேசலாம். சொன்ன ஆட்சேபம் பின்னால் ஆதாரமற்றதாக முடிந்தாலும், அதைச் சொன்ன காரணத்துக்காக யாருக்கும் அப்ரைசலில் மதிப்பெண் குறையாது என்று எழுத்திலேயே உறுதி தரலாம். இவற்றையெல்லாம் செய்வதற்கு முன்பாக, கீழே இருப்பவர்கள் கையில் சுபாவ வினாத்தாளைக் கொடுப்பதை நிறுத்தி, குழுத் தலைவர்களின் ஆண்டுப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கவேண்டும்: இவ்வருஷம் உங்கள் முடிவை உங்களுக்குக் கீழே உள்ள யார் யார் மறுத்துப் பேசினார்கள், எந்த விஷயத்தில், அதன்மேல் நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்த இடத்தை வெற்றாக விட்டுவைக்கும் தலைவருக்குப் பதவி உயர்வு தருவதைக் கம்பெனி ஒரு வருஷம் தள்ளிவைக்கட்டும்.