வேகம் குறைந்தால் பேட்டரி நீடிக்கும்

சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டில் அண்ணனின் பழைய ஐபாட் வீடியோ இன்னும் பாடுகிறது. அதில் 'ராக்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். அதனால் ஒரு பாடம் கற்றேன்.

பாட்டு வாசிக்கச் செயலி எப்போதும் முழு வேகத்தில் ஓடத் தேவையில்லை. ராக்பாக்ஸ், வேலை கூடும்போது மட்டும் அதை 80 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிறது. மற்ற நேரத்தில் 30க்கு இறக்குகிறது. நான்கு நிமிடப் பாடல் எந்த வேகத்திலும் நான்கு நிமிடம்தான். காத்திருக்கும் நேரத்திலும் செயலி வேகமாக ஓடினால் மின்சாரம் வீண். மின்னழுத்தத்தையும் குறைத்தால் மிச்சம் இன்னும் அதிகம்: அது பாதியானால், அதே வேகத்தில் செயலியின் இயக்கச் செலவு ஏறக்குறைய கால் பங்காகும். நம் கைப்பேசிகளும் இப்படித்தான் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஏற்றி இறக்குகின்றன.

கெடாவிலேயே, கூலிமில் 1996 முதல் உயர்தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. சில்லுத் தொழில் நம் வாசலுக்கே வந்துவிட்டது. நாமோ, சார்ஜ் நிற்கவில்லை என்றதும் புதுக் கைப்பேசி கேட்கிறோம். தேய்ந்த பேட்டரியை மென்பொருள் புதிதாக்காது. ஆனால் வீண்செலவைக் குறைக்கும்.

மாணவர்களே, படிவம் 5 இயற்பியலில் மின்திறன் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறோம். அது தேர்வோடு முடிய வேண்டாம். மேசையில் தூங்கும் பழைய கருவி ஒன்றில் அதைச் சோதித்துப் பாருங்கள். நாளை கூலிமில் வேலை கேட்கும்போது, சில்லு எப்படி இயங்குகிறது என்று சொல்லத் தெரிந்தவராகப் போகலாம்.