ஏறுவது பிக்கப் அல்ல, சத்தம்!

புதுக்கோட்டை ராஜ வீதிகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். வம்பே அதுதான். சாயங்காலம் ஆனால் ஏதோ ஒரு பைக் படபடவென்று வெடித்துக்கொண்டு போகும். திரும்பிப் பார்த்தால்... சுமார் 8 குதிரைத்திறன் உள்ள 100 சிசி ஸ்ப்ளெண்டர்! கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒரு குழாயை மாட்டியிருப்பார்கள்.

கேட்டால் "பிக்கப் ஏறுதுல்ல" என்பார்கள். ஏறுவது சத்தம் மட்டும்தான் மக்களே. புகை தடையில்லாமல் வெளியே போனால் பெட்ரோல்-காற்றுக் கலவையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ரேஸ் வண்டிக்கு அதைச் செய்து, டைனோவில் ஏற்றி அளந்தும் பார்ப்பார்கள். இங்கே கார்புரேட்டரில் ஜெட்கூட மாற்றுவதில்லை. பெட்ரோல் பற்றாமல் என்ஜின் சூடாவதுதான் மிச்சம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டி என்றால் இன்னும் கூத்து. நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்த சைலன்சர் லைனில்தான் இருக்கிறது. பல்லாடியம், ரோடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகம் பூசிய பாகம் அது. அதைப் பிடுங்கி மூலையில் போட்டுவிட்டு, வெறும் குழாய்க்குக் காசு கொடுக்கிறார்கள். (காமர்ஸ் படிக்கிற பையன்களும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பது தனிக் கொடுமை.)

"ஃப்ரீ ஃப்ளோவா, பஞ்சாப் சைலன்சரா, எது பெஸ்ட்?" என்று விடிய விடிய விவாதம் வேறு. 80 முதல் 175 சிசி வரையிலான வண்டிக்கு, கம்பெனியிலிருந்து வரும்போதே 77 டெசிபல்தான் வரம்பு. அதில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. "டிபி கில்லர் இருக்கு தம்பி" என்று சொல்லி விற்பார்கள். வாங்கியவன் முதல் வேலையாக ஸ்குரூவைக் கழற்றி அதைத்தான் உருவுவான். அது இருந்தால் சத்தம் வராதே!

ஊருக்கு நடுவில் ராணியார் மருத்துவமனை இருக்கிறது. பிரசவம் பார்க்கிற இடம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், இரவில் 40 டெசிபல். உள்ளே பிறந்து ஒரு நாள் ஆன பிள்ளை தூங்குகிறது. அதற்கு ஃப்ரீ ஃப்ளோ எது, பஞ்சாப் எது என்று தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல், 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. லைசென்ஸும் 3 மாதத்துக்குச் செல்லாது. "யாருப்பா புடிக்கிறாங்க" என்பதுதான் இதற்குப் பதிலாக வருகிறது. பிடித்தால்தான் தப்பு போலிருக்கிறது.

பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டதா? கம்பெனி சைலன்சரே கேட்டு வாங்கி மாட்டுங்கள். ஊரே திரும்பிப் பார்க்க வேண்டுமா, பெட்ரோல் டேங்கில் ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். அது சத்தம் போடாது.