ஒரு பையும் ஒரு கொடியும்

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு வந்து இறங்குகிற ஜனத்திரளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயினும் அந்தத் திரளின் தோளிலும் கையிலும் தொங்குகிற சாமான்களை ஊன்றிக் கவனித்தவர்கள் எங்களுள் அதிகம் பேர் இரார் என்றே நினைக்கிறேன். 14 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மலையைச் செருப்பில்லாமல் பிரதட்சிணம் செய்ய வந்த ஒருவர், சக்கரம் வைத்த பெரிய பெட்டியொன்றைப் பேருந்தில் இருக்கைகளுக்கிடையே செருகி, நிற்கிறவர்களின் காலை நெருக்கி, இறங்கியதும் அதை எங்கே வைப்பது என்ற விசாரத்திலேயே பொழுதைக் கழித்து, கடைசியில் அரை மனத்தோடு, மலையைச் சுற்றும் பாதையில் முதலாவதான இந்திர லிங்கத்தின் முன் வந்து நிற்பதைக் காண எனக்கு மிகவும் சங்கடமாயிருக்கிறது. அதே பேருந்தில் ஒரு மஞ்சள் பையோடு வந்த கிராமத்துப் பாட்டி அதற்குள் அக்னி லிங்கத்தையும் தாண்டிப் போயிருப்பார்.

ஒருமுறை வாயு லிங்கத்தை நெருங்கும்போது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், வழியிலிருந்த குழாயடியில் அலசிப் பிழிந்த பூனம் சேலையொன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார்கள். காற்று அதைப் பாய்போல உப்ப வைத்தது. குபேர லிங்கத்துக்குப் போய்ச் சேருமுன் சேலை உலர்ந்துவிட்டது; நின்றவாறே அதை நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். "வேறு மூட்டை ஒன்றும் கொண்டு வரவில்லையா அம்மா?" என்று கேட்டேன். "பொட்டி எதுக்குங்க சாமி? கட்டினு இருக்கறது ஒண்ணு, காயறது ஒண்ணு. போதாதா?" என்றார் மூத்தவர். யாத்திரைக்குத் துணி எடுத்து வைப்பதைப் பற்றி நான் கேட்டறிந்த யோசனைகளுள் இதற்கு மேலானது ஒன்றும் இல்லை.

மூன்று நாள் பிரயாணமானாலும் பத்து நாள் பிரயாணமானாலும் உடுத்தியிருப்பது ஒன்று, உலர்வது ஒன்று, பையில் இருப்பது ஒன்று என்ற கணக்கு மாறுவதில்லை. நாட்கள் கூடினால் கூட வேண்டியது துவைக்கிற தடவையே தவிர வஸ்திரங்களின் எண்ணிக்கை அல்ல. ஆகையால் எது அழகு என்பதைக் காட்டிலும் எது ஓர் இரவில் உலரும் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். ஜீன்ஸ் கால்சட்டை உலராது. டர்க்கி டவலின் நூல் வளையங்கள் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பையில் ஒரு வேட்டி, இரண்டு பனியன்களின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். நம் ஈரிழைத் துண்டோ உதறிப் போட்டால் சமையல் ஆகுமுன் காய்ந்துவிடும், இரவில் தலைக்குக் கட்டவும் ஆகும், பாட்டிமார் பிரசாதத்தை முடிந்துகொள்வதும் அதில்தான். பனியன், துண்டு, உள்ளாடைகளை இறுகச் சுருட்டலாம். கஞ்சி போட்ட சட்டையைச் சுருட்டலாகாது, மடிக்க வேண்டும். மடிக்கும் இடத்தில் சுருட்டிய பனியனை உள்ளே வைத்து மடித்தால் கோடு ஆழமாக விழாது. கனமான உடை எதுவோ அதை உடம்பிலேயே அணிந்துகொள்வது உத்தமம். உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன. சிக்கனமாக எடுத்துவைக்கத் தெரிந்தவர்களுக்கு அதுவே தாராளம்.

இந்த ஊருக்கு வந்தவர்களுள் எல்லாரினும் குறைந்த சாமானோடு வந்தவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மதுரையிலிருந்து புறப்பட்ட 16 வயதுச் சிறுவன் வேங்கடராமன், வழிச்செலவுக்காகக் கீழூரில் தன் கடுக்கன்களை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து சேர்ந்தபோது, மீதிக் காசையும் கையிலிருந்த பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு, உடுத்தியிருந்த வேட்டியில் ஒரு கௌபீனத்துக்கு வேண்டிய அளவைக் கிழித்துக்கொண்டு மற்றதையும் விட்டுவிட்டார். பின்னாளில் பச்சையம்மன் கோயிலில் தங்கியிருந்த காலத்தில் அவரிடம் இருந்த ஒரே துண்டு கந்தலாகிவிட, பிறர் கண்டு வருந்தாதபடி அதை மரப்பொந்தில் மறைத்து வைத்திருந்தார் என்றும், கௌபீனம் கிழிந்தபோது முள்ளை ஊசியாக்கி அத்துணியிலேயே நூல் உருவித் தைத்துக்கொண்டார் என்றும் ரமண மகரிஷி எனப் பின்பு பெயர் பெற்ற அவருடைய வரலாற்றில் காண்கிறோம். இல்லறத்தார் நாம் அந்த நிலையை நாட வேண்டியதில்லை. ஆனால் உள்ளதைத் துவைத்து உலர்த்தித் திரும்ப உடுத்துகிற பழக்கம் இவ்வூருக்குப் புதிதல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

அந்தப் பழக்கத்துக்கு இன்று இடம் கொடாதவர்கள் நாங்கள்தான். பழைய சத்திரங்களில் முற்றத்தில் ஒரு துவைக்கும் கல்லும், தாழ்வாரத்தில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரு கொடியும் இருக்கும். வெயிலானாலும் மழையானாலும் பிரயாணியின் வேட்டி விடிவதற்குள் உலர்ந்துவிடும். இப்போது எழுந்திருக்கிற விடுதிகளுள் பலவற்றில் தொலைக்காட்சி இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, ஈரத்துணியைப் போட ஓர் ஆணி கிடையாது. மொட்டை மாடிக் கதவோ பூட்டியிருக்கிறது. ஈரத்தை நாற்காலி முதுகில் போட்டு, அது காயாமல் நாறுவதைக் கண்டவர் அடுத்த முறை நான்கு சட்டை கூடுதலாக எடுத்து வருகிறார், பை பெட்டியாகிறது, பெட்டி பேருந்தை அடைக்கிறது.

வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சொற்பம்: ஆறு முழம் நூற்கயிறு ஒன்றை இரட்டையாக முறுக்கிப் பையின் ஓரத்தில் வையுங்கள், முறுக்கின் இடையில் துணியின் ஓரத்தைச் செருகினால் கிளிப்பு வேண்டாம், ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக் கொண்டி வரைக்கும் கட்டிக்கொள்ளலாம். விடுதி நடத்துகிற எங்கள் ஊர் அன்பர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கார்த்திகை தீபத்துக்கு ஜனங்கள் வருவது மழைக்காலத்தில். நனைந்தே வந்து சேர்வார்கள். அதற்கு முன் மாடியில் ஒரு தகரக் கூரை போட்டு, அதன் கீழ் நான்கு கொடி கட்டி, கதவுப் பூட்டை எடுத்துவிடுங்கள்.