மாறிய வாக்குமூலம் பொய்யாகுமா?

புகலிடங் கோரி இலண்டன் சென்றிறங்கும் ஒருவனைக் குடிவரவு அதிகாரி முதலிற் சுருக்கமாக வினவுகின்றார். பின்னர், வாரங்களோ மாதங்களோ கழிந்தபின், விரிவான விசாரணை நிகழும். இரு வாக்குமூலங்களும் ஒப்புநோக்கப்படும். முன்னதில் வீடு புகுந்தோர் நால்வர், பின்னதில் அறுவர் எனின், நம்பத்தகாதவன் என அவன் விண்ணப்பம் தள்ளப்படுதலும் உண்டு.

நினைவென்பது பேரேட்டிற் பதிந்த கணக்கு. உண்மையுடையான் அதனை என்றும் ஒருபடித்தாகவே படிப்பான் என்னுங் கருத்தே இதற்கு அடிப்படை. முப்பதாண்டு மாணாக்கரிடம் பாடங் கேட்ட யான் இதனை ஒப்பேன். சொற்பிசகாது ஒப்புவிப்பவன் மனனஞ் செய்தவன். கண்டதைச் சொல்பவன் தடுமாறியே சொல்வான்.

1980 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய் வகைப்பாட்டிற் சேர்த்துக்கொண்ட நோயொன்றை நம் நாட்டு மருத்துவர் ‘நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு’ என்பர். வடுவாவது ஆறிய புண்ணின் தழும்பு. இங்கோ புண் ஆறவேயில்லை. ஆயினும், ஆறாத வடுவை வள்ளுவரே அறிந்திருத்தலின் சொல்லிற் குற்றங் காணேன். இந்நோயுடையானுக்கு நடந்தது கடந்ததாவதில்லை. ஓர் ஓசையோ மணமோ போதும். அஃது இப்பொழுதே நிகழ்வதுபோல் முன்வந்து நிற்கும். நாளையும் நாழிகையையும் வினவினாலோ விடை வாராது. அதனை நினைவூட்டும் யாவற்றையும் விலக்கி ஒழுகுதலும் இந்நோயின் குறி. அதிகாரியோ அதனையே வினவுகின்றார்.

2002 இல் ஜேன் ஹேர்லிஹி முதலிய மூவர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நோக்கத்தக்கது. கொசோவோ, பொஸ்னியா நாட்டு அகதிகள் 39 பேரிடம் ஒரே நிகழ்ச்சியை இருமுறை கேட்டனர். அவர்கள் முன்னரே பிரித்தானியாவில் வாழ இசைவு பெற்றவர்கள். பொய்யுரைத்துப் பெறவேண்டுவது யாதுமில்லை. அங்ஙனமிருந்தும் முரண்கள் மலிந்திருந்தன. நடுவான செய்தியினும் புறத்தேயுள்ள நுணுக்கங்களிலேயே அவை மிகுந்தன. மனவடு மிக்காரிடத்து, இரு விசாரணைக்கும் இடைப்பட்ட காலம் நீள நீள முரணும் பெருகிற்று. விசாரணை தாமதிப்பது அரசு. அத்தாமதத்தால் விளையும் முரணுக்குப் பொறுப்பாளி அகதியோ?

மானபங்கப்பட்டோர் நிலை இன்னுங் கொடிது. முதல்நாள் வாய்திறவாத பெண் ஆறு திங்கள் கழித்துச் சொல்லின், பின்னர்ப் புனைந்தது என ஐயுறுகின்றனர். நாணம் என்னுஞ் சொல்லை அறியாதாரும் உளர் போலும்.

பொய்யுரைப்போரே இலர் என்பது என் வாதமன்று. முரண் ஒன்றே பொய்க்குச் சான்றாகாது என்பதே. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகரகம் 1979 இல் வெளியிட்ட கைந்நூலும் ஐயத்தின் பயனை விண்ணப்பகாரனுக்கு அளிக்கச் சொல்கின்றது. தவறாகத் தள்ளப்பட்டவன் மீளுவது எவரிடமிருந்து தப்பினானோ அவரிடமேயாகலாம்.

1983 இன் பின் இந்நாட்டினின்றுஞ் சென்ற தமிழர் பலர் அவ்விசாரணை அறைகளில் இருந்தவர்களே. நம்மூரார் திகதியால் அன்றித் தேருக்கு மறுநாள், தீர்த்தத்துக்கு முதல்நாள் என்றே காலங் குறிப்பர். மொழிபெயர்ப்பாளர் அதனைத் தாமே திகதியாக்காது, அத்தேரை அப்படியே எழுதிக் கொடுப்பாராயின் ஒரு முரணேனுங் குறையும்.