பாம்படமும் பட்டாவும்

எங்கள் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபையின் ஐம்பதாவது ஆண்டு மலர் என் மேசைமேல் கிடக்கிறது. வழவழப்பான தாள், அட்டையில் புறாவும் அக்கினி நாவுகளும். உள்ளே முதல் போதகரின் படம் ஒரு முழுப்பக்கம். அடுத்த பக்கம் அவருடைய மகன், இப்போதைய போதகர். அதற்கடுத்து, வேதாகமக் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் பேரன். மூவருக்கும் பிறந்த ஊர், இரட்சிக்கப்பட்ட நாள், ஊழிய அழைப்பு எல்லாம் விவரமாக இருக்கின்றன. 'சபையின் ஆரம்பம்' என்ற பகுதியில் ஒரே ஒரு வாக்கியம்: தொடக்க நாட்களில் ஒரு சகோதரியின் வீட்டில் கூடி ஜெபித்தார்கள்.

அந்த 'ஒரு சகோதரி' என் ஆச்சி.

ஆச்சி பீடி சுற்றியவள். திருநெல்வேலி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது பீடிக் கூலியில்தான். போதகர் ஊருக்குள் வருவதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பே ஆச்சியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் புறவாசலில் உபவாச ஜெபம் நடத்தினார்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் வேதம் வாசிப்பாள். எழுதப் படிக்கத் தெரியாத மற்ற இருவரும் மடியில் முறத்தை வைத்து இலையைச் சுருட்டியபடியே கேட்பார்கள். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலும் மூவரும் போய் நிற்பார்கள். ஒரு காத்திருப்புக் கூட்டத்தில் ஆச்சிக்கு அபிஷேகம் கிடைத்தது. அந்நிய பாஷை வந்தது. பிறகு தீர்க்கதரிசனமும் வந்தது.

அந்தத் தீர்க்கதரிசனம் எப்படிப்பட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்த ஒருவனின் வாசலில் ராத்திரி போய் நின்று, நீ ஓங்கிய கையைக் கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெருவே எழுந்துகொள்ளும்படி சத்தமிட்டாளாம். பகலில் அதே ஆளின் முன்னால் பேச ஆச்சிக்கு நாக்கு எழாது. ஆவியானவர் பேசுகிறார் என்றபோது எழுந்தது. இதை மூடநம்பிக்கை என்று சிரித்துக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எழுத்தும் சொத்தும் இல்லாத ஒரு பெண், நடுத்தெருவில் ஓர் ஆணைத் தட்டிக்கேட்க அன்று எங்கள் ஊரில் வேறு வழி இருந்ததா?

போதகர் அதன்பிறகுதான் வந்தார். ஒரு சைக்கிள், ஒரு பாய், ஒரு கஞ்சிரா. நல்ல மனுஷர்தான், பட்டினியும் கிடந்தார். முறைவைத்து அவருக்குச் சோறு போட்டவர்கள் இந்த மூன்று பெண்கள். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கும்போது நகைகளைக் கழற்றிவிட வேண்டும் என்று அவர் சொன்னார். ஆச்சி தன் பாம்படத்தைக் கழற்றினாள். மற்ற இருவரும் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றினார்கள். அவற்றை உருக்கி விற்ற பணத்தில் வாங்கியதுதான் இன்று மூன்று மாடி ஆலயம் நிற்கும் எட்டு சென்ட் நிலம். பத்திரம் போதகர் பெயரில் பதிவானது. பெண்பிள்ளைகள் பெயரில் எப்படிச் சபையை எழுதுவது என்று அன்று யாரோ கேட்டார்களாம். இன்று பட்டா மகன் பெயரில் இருக்கிறது. சாகும்வரை ஆச்சியின் காதுகள் வெறுமையாகத் தோளில் தொங்கின. சபை வரலாற்றை நான் அந்தக் காதுகளில்தான் முதலில் வாசித்தேன்.

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. உலகப் பெந்தெகொஸ்தே வரலாற்றைச் சொல்பவர்கள் சார்ல்ஸ் பர்ஹாம், வில்லியம் சேமோர் என்று தொடங்குவார்கள். பர்ஹாமின் டோபீகா வேதாகமப் பள்ளியில் 1901 ஜனவரி 1 அன்று முதலில் அந்நிய பாஷை பேசியதாகச் சொல்லப்படுபவர் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி. சேமோர் தலைமையில் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் எழுப்புதல் தொடங்கியது 1906 ஏப்ரலில். அதற்கு முந்தைய வருடம், 1905-லேயே, புனேக்கு அருகே கேட்காவில் பண்டித ராமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் மூண்டுவிட்டது. அங்கே விழுந்து அழுது ஜெபித்தவர்கள் விதவைகள், பஞ்சத்தில் பெற்றோரை இழந்த சிறுமிகள். அங்கிருந்த மின்னி ஏப்ரம்ஸ் எழுதிய சிறுநூல் சிலி நாட்டு எழுப்புதலுக்கே ஒரு தூண்டுதலானது. நம் திருநெல்வேலிச் சீமையிலோ, அசூசாவுக்கு நாற்பத்தாறு வருடங்களுக்கு முன்பே, 1860-ல், ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் கூட்டங்களில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்தன. பெண்களும் அதில் பேசினார்கள். எங்கள் மலரில் அசூசா தெரு இருக்கிறது. ராமாபாய் இல்லை. தீ மூண்டது பெண்கள் நடுவில். வரலாறு எழுதும்போது மட்டும் அது போதகர்களின் வரிசையாகிவிடுகிறது.

இதைக் கேட்டால் பவுல் அப்போஸ்தலரைக் காட்டுவார்கள். பெண்கள் சபையில் பேசாமலிருக்கச் சொன்னாரே என்பார்கள். அதே பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாளை, பிரிஸ்கில்லாளை, மரியாளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அவருக்குத் தன்னோடு உழைத்த பெண்களின் பெயர் தெரிந்திருந்தது. எழுதவும் மனம் வந்தது. பிலிப்புவின் நான்கு குமாரத்திகள் தீர்க்கதரிசனம் சொன்னதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எடுத்துப் பேசிய யோவேலின் வாக்குத்தத்தமே குமாரர்களையும் குமாரத்திகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. சபையின் பெயருக்கே ஆதாரமான வசனத்தில் பாதியை மறைத்துவிட்டு, நிருபத்திலிருந்து ஒரு வசனத்தை மட்டும் சட்டமாக்குவது எந்த வேதபாடம்?

அமெரிக்காவின் அசெம்பிளிஸ் ஆஃப் காட் 1935-லேயே பெண்களுக்கு முழு போதகப் பட்டம் கொடுத்தது. எங்கள் ஊரில் 'உயிரில்லாத சபை' என்று சொல்லி ஆச்சி விட்டுவந்த சிஎஸ்ஐ-யில் இன்று பெண் ஆயர்கள் இருக்கிறார்கள். 2013-ல் எகோனி புஷ்பலலிதா பேராயரே ஆனார். உயிருள்ள சபையில் பெண்களுக்குக் கிடைத்திருப்பது துடைப்பமும் பிரியாணி அண்டாவும்தான். போதகரின் மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளி, பெண்கள் கூட்டம், வீடு சந்திப்பு, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி. இத்தனையும் செய்கிறவருக்குச் சம்பளமும் இல்லை, பொறுப்பின் பெயரும் இல்லை. 'பாஸ்டரம்மா' என்பதோடு சரி.

பணம் எங்கிருந்து வருகிறது? போதகர் பிரசங்கத்தில் பீடியையும் குடியையும் ஒன்றாக வைத்துத் திட்டுவார். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப்பேர் பீடி சுற்றிவிட்டு வந்தவர்கள். ஆயிரம் பீடிக்குக் கிடைக்கும் கூலியிலிருந்து பத்தில் ஒன்றைத் தசமபாகக் கவரில் போடுகிறவர்கள். புகைப்பது பாவம், சுற்றிய கூலி பரிசுத்தம். அந்தக் கவர்களின் கணக்கை எந்த ஞாயிறும் யாரும் வாசித்ததில்லை.

எல்லாவற்றையும்விட என்னை எழுத வைத்தது இதுதான். போன வருடம், என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்த ஒருத்தி முகம் வீங்கிய நிலையில் போதகரிடம் போனாள். மூன்று நாள் உபவாசமிருந்து கணவனுக்காக ஜெபிக்கும்படி சொல்லி அனுப்பினார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது அது. அதை அவளுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. ஆச்சி காலத்தில் கர்த்தருடைய வார்த்தை அடித்தவன் வாசலுக்குப் போனது. இப்போது அடிவாங்கியவளிடம் வருகிறது. இடையில் நடந்தது என்ன? தீர்க்கதரிசனம் எதுவானாலும் முதலில் போதகரிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. பெண்களின் வாயை அடைத்தது அந்த ஒரு சட்டம்தான்.

பெண்ணிய வட்டத்துத் தோழிகள் என்னிடம் கேட்பார்கள்: வெளியே வந்துவிட்டாயே, இன்னும் எதற்கு அதைப் பற்றி? நான் வந்துவிட்டேன். ஆச்சியின் பாம்படம் அங்கேதான் இருக்கிறது. ஞாயிறு காலையில் என் அம்மா அங்கேதான் போகிறாள். வாரம் முழுக்கக் குனிந்த கழுத்தை நிமிர்த்தி வாய்விட்டுப் பாட அவளுக்கு வேறு இடமில்லை. அந்த இடத்தை அவளிடமிருந்து பிடுங்குவது என் பெண்ணியம் அல்ல. அது அவர்கள் கட்டியது. அவர்களுக்கே சேர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

ஆகவே கேட்கிறேன். நிலத்தை ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றுங்கள். அதன் நிர்வாகத்தில் பாதி பெண்கள் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை வரவுசெலவைச் சபையில் வாசியுங்கள். அடிபட்டு வருகிறவளுக்கு ஜெபத்தோடு பாதுகாப்பு அலுவலரின் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். மலரின் அடுத்த பதிப்பில் மூன்று பெண்களின் பெயர்களையும் போடுங்கள்.

ஆச்சியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் ஊர் தெரிந்துவிடும். அம்மா ஞாயிறு போய் உட்கார முடியாது. அது முதலில் அச்சாக வேண்டிய இடமும் இந்தப் புத்தகம் அல்ல.

"ஏட்டி, செத்துப்போன ஆச்சி பேரு போடுங்கன்னு கேட்டாளா?" என்கிறாள் அம்மா.

"கேக்கலம்மா. அதான் நான் கேக்கேன்."

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒன்று. உங்கள் ஊர்ச் சபை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சர்வே எண் தெரிந்தால் போதும், பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்திலேயே வில்லங்கத்தைப் பார்த்துவிடலாம். பார்த்த பிறகு, அந்த நிலம் எந்தக் காதிலிருந்து வந்தது என்று உங்கள் ஆச்சிகளிடம் கேளுங்கள்.